நெற்றிக்காசின் விலை

எங்கள் குடும்பத்தில் நெற்றிக்காசை மயானத்தில் விட்டு வருவதில்லை. இறந்தவரின் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து ஒட்டிய காசை, உடலைத் தகனத்துக்குக் கொடுக்கும் முன் எடுத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, பணம் வைக்கும் பெட்டியிலோ சாமி மாடத்திலோ வைப்பார்கள். அதைச் செலவழிக்கக் கூடாது. மூத்த மகன் வீட்டில்தான் அது இருக்க வேண்டும். மயானப் பணியாளருக்கே கொடுத்துவிடும் குடும்பங்களும் உண்டு. நாங்கள் வைத்துக்கொள்கிற கூட்டம்.

அம்மா இறந்தது ராஜகீழ்ப்பாக்கத்தில், நான் வாடகைக்கு இருக்கும் இரண்டாம் மாடி வீட்டில். நான் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருந்தாள். படுக்கையில் விழுந்த கடைசி வருடங்களிலும் என்னோடுதான். ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதியை, ரயில்வேயில் வேலை பார்த்துக் கூடுவாஞ்சேரியில் வீடு கட்டியிருந்த அண்ணன் கொடுத்தான். இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்து நான் சொல்லப்போவது நியாயமாக இருக்காது.

ஃப்ரீசர் பெட்டி மாடிப்படியில் திரும்பாது என்றார்கள். அதனால் கீழே, கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு ஸ்கூட்டர்களை நகர்த்திவிட்டு அம்மாவைக் கிடத்தினோம். குரோம்பேட்டையிலிருந்து சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. வந்ததும் அழுதாள், அழுது முடித்ததும் வேலையில் இறங்கினாள்.

"ஏண்டி, உங்கம்மா வெள்ளிக் காசு எதுனா வச்சிருந்தாளா? நெத்தியில வைக்கணும்."

பீரோ சாவியைக் கொடுத்தேன். பீரோவின் உள்தட்டில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் அம்மா சில சாமான்கள் வைத்திருந்தாள். அவளுடைய அப்பா கொடுத்த ராஜா தலைக் காசு அதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திறந்து பார்த்ததில்லை. சித்தி அதற்குள் கையை விட்டு ஒரு பழைய ரூபாயை எடுத்துவந்தாள். கிரீடம் வைத்த ராஜாவின் தலை மேலே தெரியும்படி ஒட்டினாள். அந்த நிலையில் யாரோ ஒருவர் செல்பேசியில் படம் எடுத்து உறவினர் குழுவில் போட்டார்.

மயானத்துக்குப் பெண்கள் வரவேண்டாம் என்றார்கள். வேலைக்காக எத்தனையோ மயானங்களுக்குள் போயிருக்கிறேன். தகன மேடை பழுதாகி உடல்கள் வரிசையில் காத்திருந்ததை உள்ளே நின்று பார்த்து எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் தெருமுனையோடு நின்றேன். அண்ணன் ஈர வேட்டியோடு திரும்பி வந்து, மடியிலிருந்து காசை எடுத்து அண்ணியிடம் கொடுத்தான். அண்ணி அதைக் கழுவி மஞ்சள் துணியில் முடிந்தாள்.

காரியம் முடிந்த அன்று அம்மாவின் பொருட்களைப் பிரித்தார்கள். புடவைகள், ஒரு ஜோடித் தோடு, பித்தளைக் குடம். எனக்கு எதுவும் வேண்டாம், அந்தக் காசை மட்டும் கொடுங்கள் என்றேன்.

அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அது வழக்கம் இல்லம்மா. மூத்தவன் வீட்லதான் இருக்கணும்."

"பொண்ணு எடுத்துட்டுப் போனா லச்சுமியே வெளிய போன மாதிரிடி," என்றாள் சித்தி.

அண்ணி கொஞ்சம் கூடுதல் நடைமுறையாகப் பேசினாள். அவள் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். "நீ வாடக வூட்ல கீற. இன்னிக்கி இங்க, நாளிக்கி எங்கியோ. சாமி ரூம்னு ஒண்ணு இருக்குதா உனக்கு? பாத்ரூமுக்கு எதுத்தாப்ல ஒரு ஸ்டாண்டு வச்சிருக்க. அங்கியா வைப்ப?"

இருந்தது ஒரே நெற்றி. அந்த நெற்றியைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தவள் நான். இதை நான் அங்கே சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி பில் பேச்சுக்கு வரும். மஞ்சள் துணி முடிச்சு அண்ணியின் கைப்பைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வருடம் போயிற்று.

மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டை ஒட்டிய சந்தில், பழைய நாணயங்கள் விற்கும் சிறிய கடை ஒன்று உண்டு. கடைக்காரரை எல்லோரும் பாய் என்பார்கள், நானும் அப்படித்தான். வேலையில் இருந்தபோது அவரைப் பற்றி ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் எழுதினேன். அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று பலமுறை சொல்லியாயிற்று. பத்திரிகைக்காரர்கள் ஓய்வு பெறுவார்கள் என்பதை அவர் நம்புவதில்லை. அரிதான காசு எது வந்தாலும் எனக்கு ஃபோன் செய்வார்.

"மேடம், இந்த வாட்டி நெஜமாவே நியூஸு. முப்பத்தொம்போது வந்திருக்கு."

"என்ன முப்பத்தொன்பது?"

"வாங்க. ஃபோன்ல பேசுற சமாச்சாரம் இல்ல இது."

எனக்கு அன்று ரேஷன் கடை வேலை இருந்தது. அதை முடித்துவிட்டு, ரயில் பாதையைத் தாண்டினால் மேற்குப் பக்கம்தானே என்று போனேன். பாய் கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு தட்டையான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து, வெல்வெட் துணிமேல் வைத்தார். அதற்குள் ஒரு வெள்ளி ரூபாய். கிரீடம் வைத்த ராஜா.

"திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். 1939.

பாய் வகுப்பெடுக்கிற குரலுக்கு மாறினார். அந்த வருடத்து வெள்ளி ரூபாயில் பெரும்பாலானவை வெளியே வராமல் மறுபடி உருக்கப்பட்டுவிட்டன என்று சேகரிப்பவர்கள் சொல்வார்களாம். தப்பி வந்தவை கொஞ்சம். அதனால் முந்திய வருடத்துக் காசில் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்கும் கூட்டம் ஒன்று இருக்கிறதாம். "இது அந்த மாதிரி இல்ல. லேபுக்கு அனுப்பி டெஸ்ட்டு பண்ணி, பொட்டில சீல் வச்சி வந்திருக்கு. ஒரே ஒரு கொறதான். லேபிள படிங்க."

அசல், ஆனால் தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது என்று லேபிளில் ஆங்கிலத்தில் இருந்தது.

"எவளோ ஒரு புண்ணியவதி புளி போட்டுத் தேச்சிருக்காங்க மேடம். ராஜா மூஞ்சியப் பாருங்க, கல்யாணத்துக்கு ஃபேஷியல் பண்ணிகினு வந்த மாதிரி கீறாரு. கறுப்பாவே வுட்டிருந்தா இன்னொரு மடங்கு போயிருக்கும்."

"எதற்கு அப்படித் தேய்த்தார்கள்?"

"சாமி ரூம்ல வச்சி கும்புட்டாங்களாம். எழுத்து இடுக்குல எல்லாம் சந்தனம் காஞ்சி ஒட்டிகினு இருந்துச்சு. நான்தான் தண்ணில ஊற வச்சி எடுத்தேன்."

அப்போதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. அதை முகத்தில் காட்டவில்லை. யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"பேரு சொல்லமாட்டேன். அது தொழில் தர்மம்."

நான் பேசாமல் இருந்தேன். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால், எதிரில் இருப்பவர் அந்த இடைவெளியைத் தானே நிரப்புவார். இது பத்திரிகை வேலையில் முதலில் கற்றுக்கொள்கிற பாடம்.

"கூடுவாஞ்சேரி பார்ட்டி," என்றார் பாய். "ரயில்வேல ரிட்டயர்டு. யூட்யூப்ல ஒருத்தன் 'இந்தக் காசு உங்க வீட்ல இருக்கா, நீங்க லட்சாதிபதி'ன்னு கத்துறான்ல, அதப் பாத்துட்டு வந்தாரு. அவன் சொன்ன ரேட்டையே கேக்குறாரு. அரை நாளு பேசி எறக்கினேன். மஞ்சத் துணில முடிஞ்சி, பிரசாதம் கணக்கா கொண்டாந்தாரு."

"தனியாகவா வந்தார்?"

"வூட்டம்மா கூட வந்துச்சு. நான் பணத்த எண்ணிகினு இருந்தப்ப, 'வாணாங்க, எடுத்துகினு போயிடலாம்'னுச்சு. அவரு ஒரு பார்வ பாத்தாரு. அதோட சரி."

விலை இரண்டே கால் லட்சம். எனக்கென்றால் இரண்டு பத்து என்றார். யாருக்காகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. எழுதத்தான் போகிறேன் என்று நினைத்திருந்தவர், விலையைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கப் போறீங்களா மேடம்?"

"யோசிக்கணும். இதை வெளியே எடுக்க முடியுமா?"

"முடியும். பொட்டிய ஒடைக்கணும். ஒடச்சா மறுபடி லேபு, மறுபடி சீலு. வெரலே படக் கூடாது மேடம். வெரல்ல எண்ண இருக்கு."

மாதக் கடைசி வரை யாருக்கும் தராமல் வைத்திருக்கும்படி கேட்டேன். சரி என்றார்.

பத்திரிகையில் சம்பாதித்தவர்களுக்கு இரண்டு லட்சம் என்பது என்ன தொகை என்று விளக்க வேண்டியதில்லை. என் வலது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. அதற்கென்று வங்கியில் போட்டுவைத்த பணம் இருந்தது. இரண்டு மாடியை ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன். அந்தப் பணத்தை எடுத்தால் முழங்கால் காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது.

காத்திருக்கலாம் என்றுதான் முதல் நாள் தோன்றியது.

ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பணம் கட்டக் கூடாது. மறுநாள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கூடுவாஞ்சேரி போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. அண்ணன் வீடு ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற மனைப்பிரிவு ஒன்றில் இருக்கிறது. போன தடவை சிமெண்ட் பூசி விட்டிருந்த மாடிப்படியில் இப்போது கறுப்பு கிரானைட் பதித்திருந்தார்கள். வழுக்காமல் இருக்க ஓரத்தில் கோடு போட்டிருந்தது. நல்ல வேலை.

"இன்னா திடீர்னு? ஒரு ஃபோன் பண்ணக் கூடாது? சோறு வடிச்சிருப்பேன்ல," என்றாள் அண்ணி. காபி கொடுத்தாள். அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். நான் காபியைக் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"அம்மா நெத்திக்காசை ஒரு தடவை பாக்கணும் அண்ணா."

அண்ணியின் கை டம்ளரை எடுக்க நீண்டது, பாதியில் நின்றது. அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான்.

"அதுக்கென்ன," என்று எழுந்து சாமி அறைக்குள் போனான். கதவைப் பாதி சாத்திக்கொண்டான். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. சாமி அறையில் பீரோ இல்லை. பீரோ அதற்கு அடுத்த அறையில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் ஒரு காசு. அதே ராஜா தலை. காசு கன்னங்கரேலென்று இருந்தது. நடுவில் குங்குமம். தொட்டேன், விரலில் ஈரமாக ஒட்டியது.

திருப்பிப் பார்த்தேன். 1944.

"தாம்பரத்துல ஒரு கடையில முப்பத்தொன்பது ஒண்ணு பார்த்தேன்," என்றேன்.

அண்ணன் எதையும் மறுக்கவில்லை. எதிர்பார்த்தவன் போல உட்கார்ந்தான். "அது வேற காசு. அம்மா டப்பால ரெண்டு இருந்துச்சு. நெத்தியில வச்சது இது. இன்னொண்ணு சும்மா கெடந்துச்சு, வித்தேன். வித்தா தப்பா? ஆஸ்பத்திரி பில்லு யார் கட்டுனது?"

"தப்புன்னு நான் சொல்லலயே."

"நீ சொல்லமாட்ட. நீ எப்பவும் சொல்லமாட்ட. இப்படி வந்து உக்காந்துகிட்டுப் பாப்ப. பேப்பர்ல போடறதுக்கு விசாரிக்கிற மாதிரி." பிறகு தட்டை என் பக்கம் தள்ளினான். குரல் மாறியிருந்தது. "எடுத்துக்கோ. நீ அன்னிக்கே கேட்ட. வழக்கம் அது இதுன்னு நான் இனிமே பாக்கல. எடுத்துக்கோம்மா."

மூன்று வருடம் முன்பு குடும்பமே கூடி நின்று மறுத்த பொருளைத் தட்டில் வைத்து நீட்டினான். அண்ணி சமையலறைக்குள் போய்விட்டாள். காசைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். அந்தப் பாதையில் ரயில் அடிக்கடி உண்டு என்பது இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து, ஒரு செய்தியைச் சரிபார்ப்பது போலச் சரிபார்க்க உட்கார்ந்தேன். உறவினர் குழுவில் வந்த படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினேன். அம்மாவின் நெற்றி, சந்தனம், காசு. ராஜாவின் தலை தெரிகிறது. வருடம் மறுபக்கத்தில் இருக்கிறது, அம்மாவின் தோலைத் தொட்டுக்கொண்டு. காசின் பாதியைச் சந்தனம் மூடியிருக்கிறது. மீதிப் பாதியில் ஃப்ரீசர் பெட்டிக் கண்ணாடியின் வெளிச்சம் அடிக்கிறது. கறுப்பா வெளுப்பா என்று சொல்ல முடியவில்லை.

சித்திக்கு ஃபோன் செய்தேன். "அன்னிக்கு டப்பாவுல ராஜா காசு ஒண்ணு இருந்ததா, ரெண்டா?"

"யாருக்குடி ஞாபகம்? சாவு வூட்ல நின்னு காச எண்ணிக்கினா இருந்தேன்? கைய வுட்டேன், ஒண்ணு வந்துச்சு, எடுத்தேன். இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான் சித்தி."

"சும்மா ஒண்ணும் நீ கேக்கமாட்டியே."

இவ்வளவுதான் கிடைத்தது. ஈரமான குங்குமம், கறுத்த காசு, பீரோ சத்தம். எங்கள் அலுவலகத்தில் இதை வைத்துக்கொண்டு ஒரு வரி போட விடமாட்டார்கள். சம்பந்தப்பட்டவர் விளக்கம் கொடுத்துவிட்டார், மறுக்க ஆவணம் இல்லை, சாட்சிக்கு நினைவில்லை. செய்தியைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும்.

அண்ணனை நம்பினால் செலவில்லை. நெற்றிக்காசு என் வீட்டுக்கு வந்துவிட்டது, கதை முடிந்தது, முழங்காலுக்கும் பணம் இருக்கிறது. நம்பாவிட்டால் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். சந்தேகத்துக்கு இப்படி ஒரு விலைப்பட்டியல் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. இரண்டு நாள் நம்பிப் பார்த்தேன். காசை மேசைமேல் வைத்து, இது அம்மாவின் நெற்றியில் இருந்தது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். காசு மேசைமேல் இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வங்கிக்குப் போய், வைப்புத்தொகையை முன்கூட்டியே முறித்தால் எவ்வளவு வட்டி போகும் என்று கேட்டு வந்தேன். பெட்டியை உடைப்பது என்றும் முடிவு செய்துவிட்டேன். லேபிளும் சீலும் எனக்கு எதற்கு? விரலில் எண்ணெய் இருந்தால் இருக்கட்டும். பாய்க்கு ஃபோன் செய்து, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை மதியம் அண்ணி கூப்பிட்டாள். அவள் என்னைத் தனியாகக் கூப்பிடுவது அபூர்வம். பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். பேச்சு வெளியே கேட்கக் கூடாது என்று திறந்துவிட்டிருப்பாள்.

"அவுரு மாடில கீறாரு. நீ அன்னிக்கி சாப்புடாமக்கூடப் போயிட்ட. மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"பரவாயில்ல அண்ணி."

"இன்னா பரவால்ல. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. உங்கம்மா காச நான் ஏனோதானோன்னு வச்சிக்கல. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம புளி போட்டுத் தேச்சி, தொடச்சி, சந்தனம் வச்சி, பூ வச்சேன். கண்ணாடி மாரி இருக்கும். உங்கம்மா மூஞ்சிய அலம்பி வுடற மாரி நெனச்சிகினு செஞ்சேன். உசுரோட இருந்தப்ப நான் வந்து செய்யல, நீதான் செஞ்ச. அதான்."

நான் பேசவில்லை. இந்த முறை உத்தி எதுவும் இல்லை. பேச வரவில்லை.

"அண்ணி," என்றேன் கடைசியில். "எனக்குக் குடுத்தது கறுப்பா இருக்கு."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"ஆமா," என்றாள். "அது அவுரு தாம்பரத்துலயே வேற ஒரு கடைல வாங்கினு வந்து வச்சது. என்னிக்கினா யார்னா கேட்டா காட்டலாம்னு. அதுமேல நான் கையக் கூட வைக்கல." பிறகு குரல் உயர்ந்தது. "இதுல என்னியத் திட்றாரு தெரியுமா? தேச்சித் தேச்சி வெலைய கொறச்சிட்டியாம். கடக்காரன் அதச் சொல்லித்தான் கொறச்சானாம். சாமிக்கு வச்சத தேய்க்காம எப்டிம்மா வைக்கிறது? அந்தக் காசுல போட்ட மாடிப்படி. எனக்கு ஏறவே புடிக்கல, மொட்ட மாடில துணி காயப் போடறதயே வுட்டுட்டேன். இத நான் சொன்னேன்னு அவுராண்ட கேட்டுடாத."

"கேக்கமாட்டேன்."

"உன்னாண்ட சொல்லிட்டேன். அவ்ளோதான்." வைத்துவிட்டாள்.

இனி சந்தேகம் இல்லை. சாட்சி கிடைத்துவிட்டது, வீட்டுக்குள்ளிருந்தே. நாளைக்குப் பணத்தோடு போக வேண்டியதுதான் பாக்கி. நான் சமையலறையில் பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன், விளக்கேற்றும் நேரம் வரை வேறு எதையும் யோசிக்கவில்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தபோது, அந்தக் காசு எனக்கு வேண்டாம் என்று தெரிந்தது.

அதை முடிந்த அளவு சரியாகச் சொல்லப் பார்க்கிறேன். சந்தேகம் இருந்தவரை, பாயின் கடையில் இருந்தது அம்மாவின் காசாக இருக்கக்கூடிய ஒன்று. அதைக் காப்பாற்றி எடுத்து வருகிறேன் என்று நினைத்துக்கொள்ள இடம் இருந்தது. உறுதியானதும் அது அண்ணன் விற்ற காசு ஆகிவிட்டது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் நெற்றி தெரியாது. வெல்வெட் துணியும், அதன் முன்னால் உட்கார்ந்து அரை நாள் பேரம் பேசுகிற அண்ணனும் தெரிவார்கள். அவன் மனைவியைப் பார்த்த பார்வை தெரியும். அதை வீட்டுக்குள் கொண்டுவர என் முழங்காலைக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் யாருக்கும் காட்ட முடியாது. காட்டினால் அண்ணியைக் காட்டிக்கொடுத்தது ஆகும்.

வெள்ளிக்கிழமை காலை பாய்க்கு ஃபோன் செய்தேன்.

"வேண்டாம் பாய். வேறு ஆளுக்குக் கொடுத்துடுங்க."

"என்னா மேடம், இன்னிக்கி வரேன்னீங்களே. வெல ஜாஸ்தின்னா வாங்க, பேசிக்கலாம்."

"விலை இல்ல."

"அப்ப? டூப்ளிகேட்டுன்னு யாருனா சொன்னாங்களா?"

"இல்ல பாய். அசல்தான். விசாரிச்சுட்டேன்."

"அசல்னு தெரிஞ்சா வாங்குவாங்க, தெரிலன்னா வாணாம்பாங்க. இருவது வருசமா கட வச்சிருக்கேன், நீங்க ஒருத்தர்தான் உல்டாவா பேசுறீங்க." சிரித்தார். பிறகு, "அப்ப எழுதவாச்சும் எழுதுவீங்களா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் காய்கறி வாங்கப் போனபோது அவரே கூப்பிட்டுச் சொன்னார். கொச்சியிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். பெட்டியை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை, லேபிளை மட்டும் படித்தாராம்.

அம்மாவின் திதி வந்தது. அண்ணன் முதல் நாளே ஃபோன் செய்தான். "அந்தக் காசை மறக்காம எடுத்துட்டு வாம்மா. படத்து முன்னாடி வைக்கணும்." அவன் குரலில் தயக்கம் எதுவும் இல்லை. ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக் கொண்டுபோகாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். கொண்டுபோனேன்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. இலை போட்டுப் படையல் வைத்திருந்தார்கள். அண்ணன் என்னிடம் காசை வாங்கி, வெற்றிலைமேல் வைத்து, சந்தனம் தொட்டு வைத்தான். சித்தி அதைப் பார்த்தாள்.

"இது இவகிட்டயா கீது?"

"கேட்டா சித்தி, குடுத்துட்டேன்," என்றான் அண்ணன். "வழக்கம் கெடக்குது. அம்மாவப் பாத்துக்கிட்டவ இவதான். அவளுக்குத்தான் அது போய்ச் சேரணும்னு தோணுச்சு." சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. கண்ணில் நீர் வந்து, துண்டால் துடைத்துக்கொண்டான். நான் மிகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நடிப்பு இல்லை. ஆறேழு மாதத்தில் அவன் அதை முழுதாக நம்பத் தொடங்கிவிட்டிருந்தான்.

"மூத்தவன்னா இப்பிடி இருக்கணும்," என்றாள் சித்தி. "பெரிய மனசுடி உங்கண்ணனுக்கு. தெரிஞ்சிக்கோ."

"தெரியும் சித்தி," என்றேன்.

அண்ணி வடைச் சட்டியை விட்டு நகரவில்லை. கற்பூரம் காட்டினார்கள். சித்தி காசை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு அண்ணனிடம் கொடுத்தாள். அவன் கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ சொல்லி, ஒற்றிக்கொண்டான். பிறகு என்னிடம் நீட்டினான்.

கை நீட்டி வாங்கினேன். எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.